இடக்கை முறுக்கு

கை விட்ட பிறகும் முறுக்கு பிரியவில்லை.

அவன் வாசல் வரை போய்விட்டு வந்திருந்தான். இரும்புக் கதவு ஆடிய சத்தம் கேட்டது, காற்றுதான். திரும்பி வந்தபோது, நாற்காலி மேல் போட்டுவிட்டுப் போன நார்ப்பிரி போட்ட இடத்திலேயே கிடந்தது. முறுக்கோடு கிடந்தது.

ஒற்றைப் பிரியை முறுக்கும்போது நுனியை விட்டால் அது துள்ளும். ஏற்றிய முறுக்கையெல்லாம் சில நொடிகளில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலைவிரிந்த நாராகத் தரையில் சுருண்டுவிடும். பழகினால் சரியாகிற விஷயம் இல்லை இது. நாரின் குணம். இரண்டாவது பிரியைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பூட்டும் வரை யாராவது நுனியைப் பிடித்தே ஆக வேண்டும்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. நுனியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நார் தட்டையாக நசுங்கியிருந்தது. அந்த இடம் மட்டும் சொட்டும் ஈரம்.

ஈரம் அதிகம், அதனால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டான். எடுத்து மறுபடி முறுக்கத் தொடங்கினான். யோசிக்க நேரம் இல்லை. ஐந்து மணிக்கு மனைவி வந்துவிடுவாள்.

மழை காலையிலிருந்து விடவில்லை. முன்னறையிலிருந்து பின்னறை வரை போகும் நீண்ட நடை பகல் இரண்டு மணிக்கே மங்கிக் கிடந்தது. பிரியின் மறுமுனை பின்னறைச் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டியிருந்தது. கொக்கி இங்கிருந்து தெரியாது; நடையின் கடைசியில் கதவு பாதி சாத்தியிருக்க, அந்த இடுக்கில் பிரி உள்ளே நுழைந்து மறைந்தது. பின்னறைக்கு அப்பால் கொல்லை. கொல்லையில் கற்றாழை மடல்கள் ஊறும் சிமெண்ட் தொட்டி. மடலின் சதை அழுகிக் கழன்றால்தான் உள்ளே இருக்கும் நார் கைக்கு வரும். தேங்கிய தண்ணீரும் புளித்த இலையும் கலந்த அந்த வாடைக்கு, வருகிற விருந்தாளிகள் மூக்கைப் பிடிப்பார்கள். இந்த வீட்டுக்காரர்களுக்கு அது உறைத்ததே இல்லை. இன்று அவனுக்கு உறைத்தது. நடை வழியாக, பிரியைத் தொட்டுக்கொண்டே வருவதுபோல் வந்தது.

அவனும் மைத்துனனும் காட்டுப் பயிற்சி நடத்தினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தே முதுகு கூனிப்போனவர்களைக் கூட்டிப்போய், தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டவும், தாங்களே முறுக்கிய கயிற்றை நம்பிப் பாறையில் இறங்கவும் கற்றுக்கொடுப்பது தொழில். பத்து நாட்களுக்கு முன், ஆட்களைக் கூட்டிப் போவதற்கு முன்னால் இடம் பார்க்க, இருவர் மட்டும் போனார்கள். மைத்துனன் பாறை விளிம்பிலிருந்து இறங்கினான். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் இவன். திடீரென்று மழை பிடித்தது. கால் வழுக்கியது. கயிறு இரண்டு உள்ளங்கைகளையும் எரித்துக்கொண்டு ஓடியது.

இவன் விட்டுவிட்டான்.

மைத்துனனோடு கயிறும் போய்விட்டது. கீழே ஆறு.

கயிறு அறுந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னான்.

இன்று காலை விசாரணை அதிகாரி கூப்பிட்டிருந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"கயிறு திரிக்கிறதுதானே உங்க தொழில்," என்று சிரித்தார். கிண்டலா என்று தெரியவில்லை. "அறுந்துச்சுன்னா மேல் பாதி உங்க கையில நின்னிருக்கணுமே. அது எங்க?"

"வீட்ல இருக்கு சார்."

கேட்டு முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"நல்லது. நாளைக்குக் கொண்டு வாங்க. ஃபைலை மூடிடலாம்."

பக்கத்து நாற்காலியில் மனைவி இருந்தாள். வெளியே வந்ததும் குடையை விரிக்காமல் நின்றாள்.

"வீட்லயா வெச்சிருக்கீங்க? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"தம்பி முறுக்கின கயிறுங்க அது. அவங்ககிட்டக் குடுக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்டக் குடுங்க. இன்னிக்கு ஒரு ராத்திரி பக்கத்துல வெச்சுக்கிறேன்."

சொல்லிவிட்டு அவள் ஆற்றங்கரைக்குப் பஸ் ஏறினாள். பத்து நாளாக அதுதான் அவள் வேலை. படகுக்காரர்கள் தேடுவதைக் கரையில் நின்று பார்ப்பாள், இருட்டுவதற்குள் திரும்புவாள். இவன் வீட்டுக்கு வந்து தொட்டியில் கை விட்டான். மைத்துனன் ஊறப்போட்டிருந்த மடல்கட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த நாரை எடுத்தான். நடையின் நீளத்துக்கு ஒரு கயிறு. அதன் ஒரு முனையைக் கத்தியால் பாதி அறுத்து, மீதி இழைகளைக் கல்லில் தேய்த்துப் பிய்க்க வேண்டும். பிய்ந்த முனையைக் காட்ட வேண்டும்.

அதிகாரிக்கு எந்தக் கயிறும் கயிறுதான். மனைவிக்கு அப்படி இல்லை. வீட்டில் முறுக்கி விற்கும் கயிறுகளையெல்லாம் அளந்து சுருட்டி அனுப்புகிறவள் அவள். வலக்கைக்காரன் முறுக்கினால் கயிற்றின் வரி ஒரு பக்கம் சாயும். இடக்கைக்காரன் முறுக்கினால் மறுபக்கம். மைத்துனன் இடக்கைக்காரன். பார்க்கக்கூட வேண்டாம்; கட்டை விரலால் தடவினாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் இவன் இடது கையால் முறுக்கினான். உள்ளங்கைத் துணிக்கட்டு அவிழ்ந்து அவிழ்ந்து வந்தது. எண்ணி முறுக்கினாலும் ஓரிடத்தில் தடித்தது, ஓரிடத்தில் மெலிந்தது. மைத்துனன் பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டான். "மாமா, நீங்க கயிறு முறுக்கலை. அதோட கழுத்தை நெரிக்கிறீங்க," என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

இரண்டு பேர் முறுக்கும்போது அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நுனியைப் பிடிக்கிறவன் "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். விடுவதற்கு முன் "விடறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் எதிரில் இருப்பவனின் அரைநாள் உழைப்பு காற்றில் போய்விடும். ஒருநாள் இவன் தும்மி விட்டுவிட்டான். மைத்துனன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். "அக்கா, உன் புருஷன் என்னைக் கொன்னுட்டார்! ஒரு தும்மலுக்கு ஒரு கொலை!" அவள் சமையலறையிலிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

முதல் பிரி முடிந்தது. அதன் நுனியை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டிவிட்டு, இரண்டாவதை எடுத்தான்.

பத்துப் பதினைந்து சுற்று ஆகியிருக்கும். கை ஓய்ந்து நின்றான். நின்ற பிறகும் பிரி ஏறியது.

விரல்களுக்கு நடுவில் அது மெல்ல இறுகுவதை உணர்ந்தான். ஒரு சுற்று. இன்னொன்று. ஒரு எறும்பு கைக்குள் திரும்பிப் படுப்பதுபோல் அவ்வளவு சிறிய அசைவு. நார் தண்ணீரைக் குடித்து உப்புகிறது என்று நினைத்தான். உப்பினால் இறுகும், சுற்றாது. அது அவனுக்குத் தெரியும்.

நுனியை நாற்காலிக் காலின் அடியில் கொடுத்துவிட்டு நடையில் போனான். பின்னறைக் கதவைத் தள்ளினான். கொக்கி இருந்தது. இரண்டு பிரிகளின் முனைகளும் கொக்கியில் இருந்தன. கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. அதன் கீழே மழைத்தண்ணீர் உள்ளே வந்து, கொக்கிக்கு நேர்கீழே குட்டையாக நின்றது. மற்ற இடமெல்லாம் தரை காய்ந்திருந்தது. கொக்கியில் இருந்த சுருக்கைக் குனிந்து பார்த்தான். இடப்பக்கமாகச் சுற்றிப் போட்ட சுருக்கு.

தான் எப்படிப் போட்டோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தான். நினைவு வரவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து எல்லாவற்றையும் இடக்கையால்தானே செய்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். கதவைப் பழையபடி பாதி சாத்திவிட்டு வந்தான்.

மறுபடி பிரியைப் பிடித்ததும் அது ஏறியது.

மூன்று சுற்று. ஒரு நிறுத்தம். மூன்று சுற்று. ஒரு நிறுத்தம்.

மைத்துனன் அப்படித்தான் முறுக்குவான். மூன்று சுற்றுக்கு ஒருமுறை கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வான். வியர்க்கும் கை அவனுக்கு.

அவன் பிரியை உதறியிருக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போயிருக்க வேண்டும். நின்று கையில் இருந்ததைப் பார்த்தான். இவ்வளவு நேரம் இவன் முறுக்கியது தடித்தும் மெலிந்தும் இருந்தது. இப்போது வந்துகொண்டிருந்தது சீரான முறுக்கு. இழை வெளியே தெரியாமல், ஒரே பருமனாக, ஒரே சாய்வாக, பழைய கயிற்றிலிருந்து வெட்டி எடுத்ததுபோல்.

மணி மூன்றரை.

நாரை எடுத்து எடுத்துச் சேர்த்துக் கொடுத்தான். அது முறுக்கியது. இவன் கொடுத்தான். அது முறுக்கியது.

போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"இன்னிக்கும் ஒண்ணும் கிடைக்கலைங்க." பஸ் சத்தத்துக்கு நடுவில் மனைவியின் குரல். "தண்ணி ஏறிடுச்சுன்னு படகை எடுக்கவே இல்ல. பஸ்ல ஏறிட்டேன்."

"சரி."

"என்ன, கயிறு முறுக்கிட்டிருக்கீங்களா?"

கை நின்றது. மறுமுனை நிற்கவில்லை.

"எப்படித் தெரியும்?"

"மூச்சுதான். முறுக்கும்போது மூச்சைப் பிடிச்சுட்டுப் பேசுவீங்க. அது எனக்குத் தெரியாதா?"

"ஒரு ஆர்டர் பாக்கி இருந்துச்சு."

"இன்னிக்கா?"

அவளே சொன்னாள்: "பரவாயில்ல. கை சும்மா இருந்தா மனசு சும்மா இருக்காது. எனக்கும் அப்படித்தான். அந்தத் துண்டை மட்டும் எடுத்து வைங்க, வந்துடறேன்."

போனை வைத்தபோது இரண்டாவது பிரி முடிந்திருந்தது. இவன் முடிக்கவில்லை.

இரண்டு நுனிகளையும் சேர்த்துக் குச்சியில் கட்டி, எதிர்ப்பக்கமாகச் சுற்றினான். பிரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கயிறாயின. இது மட்டும்தான் மிச்சம். இனி விட்டாலும் பெரிதாகப் பிரியாது. கொஞ்ச நேரம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

முறுக்க முறுக்கக் கயிறு குட்டையாகும். நாலில் ஒரு பங்கு குறையும். அதனால் முறுக்குகிறவன் அப்போதைக்கப்போது ஓரடி முன்னால் நகர்வான். காலுக்குப் பழக்கமான விஷயம், கவனிப்பதில்லை. அவனும் கவனிக்கவில்லை. தோளில் ஏதோ உரசியதும் நிமிர்ந்தான். நடைச்சுவரில் மாட்டியிருந்த மைத்துனனின் மழைச்சட்டை. அது நடையின் பாதியில் இருக்கிறது.

நாலில் ஒரு பங்கு இல்லை. பாதி.

திரும்பிப் பார்த்தான். நாற்காலி தூரத்தில் இருந்தது. முன்னறை ஜன்னல் வெளிச்சம் அதைத் தாண்டி வரவில்லை.

கயிறு மூன்று சுற்று சுற்றியது. ஒரு அடி.

வாடை கூடியிருந்தது. இப்போது அது தொட்டியின் வாடையாக மட்டும் இல்லை. ஆற்றுச் சேறும் இருந்தது அதில்.

கதவைப் பார்த்தான். முதலில் கயிறு கதவின் வலது ஓரத்தை ஒட்டி, கொக்கியின் உயரத்துக்கு ஏறிப் போனது. இப்போது இடது நிலையை அழுத்திக்கொண்டு, கீழே சரிந்து, வேறு திசையில் போனது. கொக்கி அங்கே இல்லை. அந்தப் பக்கம் இருப்பது கொல்லைக் கதவு மட்டும். கயிறு உரசிய இடத்தில் நிலையின் பெயிண்ட் உரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

மூன்று சுற்று.

விட வேண்டும். விட்டுவிடலாம். விரல்களைத் திறந்தான். துணிக்கட்டு கயிற்றுக்குள் போயிருந்தது. பிரிகளுக்கு நடுவில் துணியையும் சேர்த்து முறுக்கியிருந்தது. இழுத்தான். வரவில்லை. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தது.

வாயைத் திறந்தான். ஒரே ஒரு சொல். "விட..."

மறுமுனை நின்றது.

முழுதாக நின்றது. மழைச்சத்தம் மட்டும். கயிற்றில் ஒரு துடிப்பும் இல்லை. காது கொடுத்துக் கேட்கிற ஒருவனின் நிதானம் இருந்தது அதில். பத்து நாளாகக் கேட்காத சொல்லுக்காகக் காத்திருந்தது.

சொன்னால் என்ன ஆகும்? பாறை மேல் சொல்லவில்லை என்று ஆகும். விட்டது நான்தான் என்று ஆகும்.

வாயை மூடிக்கொண்டான்.

மூன்று சுற்று. ஒரு அடி.

முன்வாசல் திறந்தது.

"என்னங்க? ஏன் லைட்டுகூடப் போடாம?" குடையை உதறும் சத்தம். சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. "கரண்ட் இல்லையா?" ஈரச்செருப்பைக் கழற்றிவிட்டு நடையில் வந்தாள். பின்னால் வந்து நின்றாள். அவள் மேலிருந்து மழையின் வாசம் வந்தது, சுத்தமான மழை.

"இதுவா?"

அவன் தலையாட்டினான்.

அவள் அவனைத் தாண்டிக் கை நீட்டினாள். கட்டை விரலைக் கயிற்றின் மேல் வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். நிறுத்தினாள். திரும்பித் தடவினாள். அவன் மூச்சு விடவில்லை.

"தம்பிதான்," என்றாள்.

பத்து நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. "இதோ பாருங்க, மூணு சுத்துக்கு ஒரு தடவை இறுக்கம் கூடுது. கையைத் துடைச்சிட்டு வந்து புதுசாப் பிடிப்பான், எருமை. எத்தனை தடவை திட்டியிருக்கேன்." விரல் அங்கேயே நின்றது. "நான் உங்களைச் சந்தேகப்பட்டேங்க. ஆபீஸ்ல நீங்க வீட்ல இருக்குன்னு சொன்னப்ப, உங்க முகத்தைப் பார்த்து... மன்னிச்சிடுங்க."

அவள் பார்வை கயிற்றோடு கதவு இடுக்கு வரை போனது.

"துண்டுதானேன்னு நினைச்சேன். இது எங்க போகுது?"

"கொக்கியில மாட்டியிருக்கேன். ஈரம் காயட்டும்னு."

"காய்ஞ்சது போதும். கழட்டிட்டு வர்றேன். நீங்க இந்தப் பக்கம் பிடிச்சிட்டிருங்க."

போகாதே.

அது தொண்டை வரை வந்தது. போகாதே என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் சொல்ல வேண்டும். இப்போதுதான் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

"பார்த்துப் போ," என்றான். "தரை ஈரம்."

மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போகிறவள்போல், கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தபடி அவள் போனாள். அவள் கையின் எடை கயிற்றில் இவனுக்குத் தெரிந்தது. கதவு இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்தாள். புடவை முந்தானை கடைசியாகப் போனது.

காலடி இரண்டு. மூன்று. தண்ணீரை மிதிக்கும் சத்தம்.

பிறகு இல்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஓடியிருப்பான். எங்கேயோ வைத்து மறந்த பொருள் கைக்குக் கிடைத்ததுபோல் ஒரு சிறிய சத்தம் வந்தது. அதற்குப் பின், மிகவும் தணிவாக:

"டேய்."

அப்புறம் பேச்சு. அவள் குரல் மட்டும். கேள்வி கேட்டாள். இடைவெளி விட்டாள். மறுபடி கேட்டாள். நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் யார் என்ன சொன்னார்கள் என்று இவனுக்குக் கேட்கவில்லை. இடைவெளி முடிந்தபோது அவள் "ஓ," என்றாள். அவ்வளவுதான்.

கயிறு நகர்ந்தது.

இப்போது மூன்று சுற்றுக்கு நிறுத்தம் இல்லை. மறுமுனையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் முறுக்க, ஒருவர் எடுத்துக் கொடுக்க. கொடுப்பதும் வாங்குவதும் கயிறு வழியாக அவன் எலும்பு வரை வந்தது. அவன் கால் ஓரடி போனது. குதிகாலை ஊன்றினான். தரை ஈரம். இன்னொரு அடி.

கதவு மெல்ல உள்ளே திறந்தது.

கொல்லைக் கதவும் திறந்திருந்தது. மழையின் சாம்பல் வெளிச்சத்தில் அவள் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள், வேலைக்கு உட்காரும்போது உட்கார்வதுபோல், முழங்காலை மடக்கி. அவள் மடியில் ஒரு இடக்கை கிடந்தது. அதற்குரிய தோளும் தலையும் கதவின் நிழலில் இருந்தன. முழங்கை வரை வெளுத்து உப்பியிருந்தது. பத்து நாள் ஊறிய மடல்போல் சதை கழன்று, உள்ளே இருந்தது நீளநீளமான வெள்ளை இழைகளாகப் பிரிந்து நின்றது. அவள் அதை அவசரப்படாமல் விரல்களால் கோதினாள். சிக்கு எடுத்தாள். ஒவ்வொரு இழையாக உருவி, நிழலில் காத்திருந்த இன்னொரு கையில் கொடுத்தாள்.

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. வேலையில் இருக்கும்போது வரும் முகம்.

"விட்டுடாதீங்க," என்றாள். "இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."